ஐந்து மீட்டர் ஸ்கிரம்: நடுவர் எங்கே நிற்க வேண்டும்?

ரக்பி யூனியனில் விசில் எடுத்துக்கொண்டு புதிதாக இறங்குபவர்களைத் தடுமாற வைக்கும் இடம் ட்ரை லைனுக்கு (பந்தை ஊன்றி ட்ரை எடுக்கும் கோட்டுக்கு) அருகில் விழும் ஸ்கிரம், அதாவது இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் பூட்டிக்கொண்டு தள்ளும் கட்டம். மைதானத்தின் நடுவில் என்றால் டனல் (இரு முன்வரிசைகளுக்கும் நடுவே பந்து போடும் சந்து) பக்கம் நின்று பிடிகளைப் பார்த்து, பந்து வெளியே வந்ததும் ஓடத் தொடங்கினால் வேலை முடிந்தது. கோட்டருகே அப்படி முடியாது. முன்வரிசையின் கைகள், பந்து, சுண்ணாம்புக்கோடு, அந்தக் கோட்டில் வரிசைகட்டி நிற்கும் தடுப்பாட்டக்காரர்களின் கால்கள் எல்லாவற்றையும் சில நொடிகளுக்குள் பார்த்தாக வேண்டும். ஏழு புள்ளிகளும் ஒரு மஞ்சள் அட்டையும் அந்தப் பார்வையை நம்பியிருக்கின்றன.

பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பந்து உள்ளே போகும் வரை டனல் பக்கம் நில்லுங்கள். பந்து ஸ்கிரம்மின் பின்பகுதிக்குப் போகத் தொடங்கியதும் ட்ரை லைனுக்குப் போய், ஸ்கிரம்முக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். எப்போது கிளம்புவது, எந்த வழியாகப் போவது, போய் எதைப் பார்ப்பது என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை. பதினைந்து பேர் ஆடும் ஆட்டத்தில், வீடியோ நடுவரும் பயிற்சி பெற்ற துணை நடுவர்களும் இல்லாமல் தனியாக ஆட்டம் நடத்துபவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

பந்து உண்மையில் எங்கே இருக்கிறது?

ஸ்கிரம்மின் நடுக்கோடு ட்ரை லைனிலிருந்தும் பக்கக்கோட்டிலிருந்தும் 5 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தவறு கோட்டுக்கு ஒரு மீட்டரில் நடந்திருந்தாலும் குறியை 5 மீட்டருக்குத் தள்ளி வைத்துவிடுங்கள். அதற்கென்றே மைதானத்தில் விட்டுவிட்டுப் போட்ட கோடு இருக்கிறது. காலடியால் அளக்க வேண்டியதில்லை.

இரண்டு பேக்கும் (ஸ்கிரம்மில் சேரும் எட்டெட்டுப் பேரும்) பூட்டிக்கொண்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டிலிருந்து, கடைசியில் நிற்கும் எட்டாம் எண்ணான நம்பர் எய்ட்டின் கால் வரை ஏறத்தாழ 3 மீட்டர் வரும். தாக்கும் அணி பந்தைப் போட்டு, முன்வரிசையின் நடுவில் இருக்கும் ஹூக்கர் அதைக் காலால் பின்னுக்கு இழுத்து, பந்து எய்ட்டின் காலடியில் நின்றால், அது கோட்டிலிருந்து சுமார் 8 மீட்டரில் இருக்கிறது. பெயரில்தான் ஐந்து மீட்டர் ஸ்கிரம். அந்தப் பந்து தள்ளியே கோட்டைத் தொட வேண்டுமென்றால் பேக் முழுவதும் 8 மீட்டர் நகர வேண்டும். அதற்குள் முன்வரிசை கோட்டுக்கு அப்பாலுள்ள இன்கோலுக்குள் 3 மீட்டர் போயிருக்கும், தடுக்கும் அணியின் எய்ட் அதற்கும் 3 மீட்டர் பின்னால் சறுக்கிக்கொண்டிருப்பார்.

புதிய நடுவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாததால்தான். பேக் நகர்கிறதென்றதும் முன்வரிசையோடு சேர்ந்து அவர்களும் இன்கோலுக்குள் ஓடிவிடுகிறார்கள். அங்கே தெரிவதெல்லாம் தடுக்கும் அணியின் முதுகுகள். பந்து அவர்களுக்கு ஆறேழு மீட்டர் தள்ளி, பதினாறு பேரின் கால்களுக்கு நடுவே கோட்டைத் தாண்டுகிறது. நீங்கள் கோட்டிலேயே பக்கவாட்டில் நில்லுங்கள். முன்வரிசை உங்களைக் கடந்து போகட்டும், அவர்களுக்குப் பின்னாலுள்ள லாக்குகளும் கடக்கட்டும். பந்து தானாக உங்கள் கண் முன்னால் வந்து சேரும்.

தடுக்கும் அணி பந்து போடும் ஸ்கிரம்மில் கணக்கு தலைகீழ். அவர்களுடைய எய்ட்டின் காலடியில் இருக்கும் பந்துக்கும் கோட்டுக்கும் இடையே 2 மீட்டர்தான். ஒரே ஒரு பலமான தள்ளு போதும், பந்து கோட்டின்மேல் வந்துவிடும். அங்கே நகர்வதற்கு உங்களுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

குறி வைக்கும்போதே முடிக்க வேண்டியவை

குறியில் கால் வைத்ததும் தலையைத் தூக்கிச் சுற்றிலும் ஒருமுறை பாருங்கள். யார் பந்து? எந்தப் பக்கம் குறுகிய பக்கம்? அதில் எத்தனை பேர் ஆட இடமிருக்கிறது? ஆட்டம் முழுக்கத் தகராறு செய்துகொண்டிருக்கும் ப்ராப் (முன்வரிசையின் ஓரத்தில் இருப்பவர்) யார்? அவர் உங்கள் பக்கம் வருகிறாரா, மறுபக்கம் போகிறாரா?

ஆஃப்சைடு கோட்டை இப்போதே சொல்லிவிட வேண்டும். ஸ்கிரம்மில் சேராத ஆட்டக்காரர்கள், ஒன்பதாம் எண்ணான ஸ்கிரம் ஹாஃபைத் தவிர, தங்கள் அணியின் கடைசிக் காலுக்கு 5 மீட்டர் பின்னால் நிற்க வேண்டும் என்பது பொது விதி. கோட்டருகே தடுக்கும் அணிக்கு அந்த 5 மீட்டர் இன்கோலுக்குள் விழுந்துவிடுவதால் அவர்களுக்கு ட்ரை லைனே ஆஃப்சைடு கோடு. தாக்கும் அணிக்குச் சலுகை எதுவும் இல்லை. அவர்களுடைய பின்னாட்டக்காரர்கள் எய்ட்டின் காலுக்கு 5 மீட்டர் பின்னால், அதாவது ட்ரை லைனிலிருந்து ஏறத்தாழ 13 மீட்டரில் நிற்க வேண்டும். கோட்டைப் பார்த்த ஆவலில் இவர்கள் முன்னே ஊர்ந்து வருவது வழக்கம். நீங்கள் ட்ரை லைனுக்குப் போனபின் அவர்களைச் சரியாகப் பார்க்க முடியாது. ஆகவே பந்து போடுவதற்கு முன்பே அவர்களைப் பின்னுக்கு அனுப்பிவிடுங்கள். தடுக்கும் அணியிடம், "உங்க கோடு ட்ரை லைன், கால் பின்னாடியே இருக்கட்டும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை சொன்னால் போதும். அவர்களைக் கவனிக்கப் பிறகு உங்களுக்கு நல்ல இடம் கிடைக்கப் போகிறது.

பக்கக்கோட்டில் கொடி பிடித்து நிற்பவர்கள் கிளப்புகளிலிருந்து வந்த டச் ஜட்ஜ்களாக இருந்தால், அவர்களிடம் பந்து வெளியே போனதா என்பதை மட்டும் கேளுங்கள். ட்ரையா இல்லையா என்று கேட்டு அவர்களைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். தகுதி பெற்ற துணை நடுவர் இருந்தால் பேச்சு வேறு. மூலைக்கொடி அருகே ட்ரை லைனில் நின்று, உங்களுக்குத் தெரியாத பக்கத்து ப்ராப்களையும் பந்து ஊன்றப்படுவதையும் பார்க்கும்படி ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

டனல் பக்கம்: கைகளும் முழங்கைகளும்

பந்து எந்தப் பக்கமிருந்து போடலாம் என்பதை ஸ்கிரம் ஹாஃப் தேர்ந்தெடுக்கலாம். ஆனாலும் பெரும்பாலும் தன் லூஸ்ஹெட் ப்ராப் (1-ஆம் எண்) இருக்கும் இடது பக்கமிருந்துதான் போடுவார். நீங்களும் அந்தப் பக்கமே நில்லுங்கள். அங்கிருந்து தாக்கும் அணியின் 1-ஆம் எண்ணும் தடுக்கும் அணியின் 3-ஆம் எண்ணான டைட்ஹெட்டும் தெரிவார்கள். முன்வரிசைக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூரத்தில், டனலுக்கு நேராக நிற்காமல் ட்ரை லைன் பக்கம் அரையடி விலகி நிற்பது நல்லது. நேராக நின்றால் பந்து போடுபவருக்கு இடைஞ்சல். அதோடு நீங்கள் கிளம்பும்போது இரண்டு ஸ்கிரம் ஹாஃப்களுக்கும் நடுவே புகுந்து போக வேண்டிவரும்.

"க்ரவுச்" (குனி), "பைண்ட்" (பிடி), "செட்" (பூட்டு) என்று நீங்கள் வரிசையாகக் கட்டளை சொல்வீர்கள். "க்ரவுச்" சொன்னதும் தோள்கள் இடுப்புக்குக் கீழே போகாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹூக்கர்களின் ஒரு கால் முன்னால் ஊன்றியிருக்க வேண்டும். பிரேக் ஃபுட் என்று சொல்லும் இந்த ஏற்பாடு 2022-இல் வந்தது. "செட்" சொல்லும் வரை எடை முன்னால் சாயாமல் இருக்கவும், கழுத்தில் அழுத்தம் ஏறாமல் இருக்கவும் அது உதவுகிறது. "பைண்ட்" சொன்னதும் கைகளைப் பாருங்கள். லூஸ்ஹெட்டின் இடது கை எதிராளியின் வலது கைக்கு உள்பக்கமாகவும், டைட்ஹெட்டின் வலது கை வெளிப்பக்கமாகவும் போக வேண்டும். இருவரும் முதுகிலோ விலாப்பக்கத்திலோ ஜெர்சியைப் பிடிக்க வேண்டும். மார்பு, சட்டைக்கை, காலர், கை இவற்றில் பிடி விழுந்தால் அடுத்த நொடியில் சரிவு வரும்.

முழங்கையைக் கவனிக்கப் பழகுங்கள். பிடித்த கையின் முழங்கை தோள் உயரத்தில், வெளியே பார்த்தபடி இருந்தால் அந்த ப்ராப் தள்ளத் தயாராக இருக்கிறார். முழங்கை தொங்கித் தரையைப் பார்த்தால் எதிராளியை இழுத்துக் கீழே போடத் தயாராகிறார், அல்லது பாரம் தாங்காமல் தானே கீழே போகப் போகிறார். எதுவானாலும் "செட்" சொல்லாதீர்கள். எழுப்பி, பிடியைச் சரிசெய்யச் சொல்லி, மறுபடியும் தொடங்குங்கள். கோட்டருகே பொறுமையாக ஒரு முறை நிறுத்துவது, பிறகு வரும் மூன்று மறு ஸ்கிரம்களை மிச்சப்படுத்தும். கழுத்தெலும்பு சம்பந்தப்பட்ட இடம் இது. வேகத்துக்காக இங்கே அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை.

எப்போது நகர்வது?

பந்து டனலுக்குள் போனதும் உடனே ஓடிவிடாதீர்கள். ப்ராப்கள் செய்யும் திருட்டுத்தனத்தில் பெரும்பகுதி முதல் தள்ளலில்தான் நடக்கிறது. இடுப்பு வெளியே வளைந்து ஹூக்கரை நோக்கிக் கோணலாகக் குத்துவது, முழங்காலை மடக்குவது, பிடியை விட்டுத் தரையில் கை ஊன்றுவது எல்லாம் அந்த ஒரு நொடி, இரண்டு நொடிக்குள். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பந்து ஹூக்கரின் காலைத் தாண்டி லாக்குகளின் கால்களுக்கு இடையே போவதே நீங்கள் நகர்வதற்கான அடையாளம்.

நகர்வதும் ஒரு முறைப்படி. ஸ்கிரம்முக்கு முதுகு காட்டி ஓடாதீர்கள். முதலில் இரண்டடி பின்வாங்கி இடைவெளி எடுத்துக்கொண்டு, பிறகு பக்கவாட்டில் அடியெடுத்து ட்ரை லைனுக்குப் போங்கள். ஐந்து மீட்டர்தான், நாலைந்து எட்டில் போய்விடலாம். கண் ப்ராப்களிடமிருந்து விலகாமல் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் ஸ்கிரம்மின் ஓரத்திலிருந்து மூன்று, நான்கு மீட்டர் தள்ளி, ஒரு கால் கோட்டின்மேலும் உடல் ஸ்கிரம்மை நோக்கிக் கோணலாகவும் இருக்கும்படி நில்லுங்கள். ஸ்கிரம்மை ஒட்டி நின்றால் ஓரத்தில் பிணைந்திருக்கும் ஃப்ளாங்கரின் உடம்புதான் தெரியும். சற்று விலகி நின்றால் கால்களுக்கு இடையே பந்தும் தெரியும்.

இந்த இடத்திலிருந்து கோட்டின் நீளத்தையே பார்க்கலாம். பந்து கோட்டைத் தொடுவதும், தடுக்கும் அணியினரின் கால்கள் கோட்டுக்கு முன்னே வருவதும் ஒரே பார்வையில் அகப்படும். வேறு எங்கே நின்றாலும் இந்த இரண்டில் ஒன்றைத் தலைதிருப்பித்தான் பார்க்க வேண்டும்.

முழங்காலை மடக்கிக் கொஞ்சம் குனியத் தயங்காதீர்கள். நிமிர்ந்து நிற்கும் நடுவருக்குப் பந்து எட்டாம் எண்ணின் தொடைக்குப் பின்னால் மறைந்துவிடும். இடுப்பளவுக்குத் தலை இறங்கினால் அதே பந்து அவருடைய இரண்டு பூட்ஸுக்கும் நடுவில் பளிச்சென்று தெரியும்.

குறுகிய பக்கமா, அகன்ற பக்கமா?

மேலே சொன்ன இடத்தை அப்படியே எல்லா ஸ்கிரம்முக்கும் பொருத்த முடியாது. நீங்கள் நிற்கும் இடது பக்கம் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்து மாற்ற வேண்டும்.

தாக்கும் அணிக்கு இடது பக்கக்கோட்டருகே ஸ்கிரம் விழுந்தால் நீங்கள் குறுகிய பக்கமான பிளைண்ட் சைடில் அகப்படுகிறீர்கள். ஐந்தாறு மீட்டர் அகலத்தில் ஒரு விங்கர், அவரைத் தடுக்க ஒருவர், கூட நீங்கள். எய்ட் பந்தைத் தூக்கிக்கொண்டு அந்தச் சந்தில் பாய்ந்தால் அவர் முட்டப்போவது உங்கள்மேல்தான். பந்தோ பந்துடன் ஓடுபவரோ உங்கள்மேல் பட்டு ஏதாவது ஓர் அணிக்கு ஆதாயம் கிடைத்தால் ஆட்டத்தை நிறுத்தியாக வேண்டும். ஒரு நல்ல ட்ரை வாய்ப்பு நடுவர் உடம்பில் பட்டு முடிந்துபோவதைவிட வேதனையானது எதுவும் இல்லை. இந்த நிலையில் கோட்டிலிருந்து இரண்டடி இன்கோலுக்குள் தள்ளி நில்லுங்கள். கோடும் தெரியும், சந்தும் காலியாக இருக்கும். அதைவிட உள்ளே போக வேண்டாம். முதலில் சொன்ன கணக்கு இங்கேயும் உண்டு.

வலது பக்கக்கோட்டருகே விழுந்தால் உங்கள் பக்கம்தான் அகன்ற பக்கமான ஓபன் சைடு. பின்னாட்டக்காரர்கள் எல்லோரும் உங்கள் பக்கமாக விரிந்திருப்பார்கள். தாக்கும் அணியின் பாஸ் பின்னோக்கிப் போவதால் கோட்டில் நிற்கும் நீங்கள் அதற்குக் குறுக்கே வரமாட்டீர்கள். ஆனால் தடுப்பாட்டக்காரர்கள் முன்னே பாயும் வழியில் நிற்க வாய்ப்புண்டு. அவர்களில் ஸ்கிரம்முக்கு மிக அருகில் நிற்பவருக்கும் ஸ்கிரம்முக்கும் இடையே உள்ள இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள்.

கோல்கம்பங்களுக்கு நேர் எதிரே விழும் ஸ்கிரம்மில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கம்பமும் அதன் உறையும் உங்கள் பார்வையை மறைக்காத இடமாகப் பாருங்கள். உறையில் பந்தை அழுத்தினால் ட்ரை என்ற பழைய விதி 2020-இல் போய்விட்டது. பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் அதைக் கேட்டு வாதாடுவார்கள். கம்பத்தின் அடியில் பந்து தரையையும் கோட்டையும் தொட்டதா என்பதை மட்டும் பாருங்கள்.

எய்ட் பந்தைத் தூக்கினால்

எட்டாம் எண் காலடியிலிருந்து பந்தைத் தூக்கியதும் ஸ்கிரம் முடிந்துவிடுகிறது. அதுவரை இரு அணியின் ஃப்ளாங்கர்களும் பிடியை விடக்கூடாது. உங்கள் பக்கத்துத் தடுப்பு ஃப்ளாங்கரின் கையைப் பாருங்கள். எய்ட் குனியத் தொடங்கும்போதே அந்தக் கை லாக்கின் இடுப்பிலிருந்து நழுவிவிடும், தோள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். தோள் ஒட்டியிருந்தால் பிடியாகாது. முழுக் கையும் சுற்றியிருக்க வேண்டும். தடுக்கும் அணியின் ஸ்கிரம் ஹாஃப் ஃப்ளாங்கருக்கும் எய்ட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில் புகுந்து நின்றாலும் தவறு. எதிரணியின் ஒன்பதாம் எண்ணைப் பாதுகாக்க அண்மைக் காலத்தில் விதிகள் இன்னும் இறுகியிருக்கின்றன. உங்கள் போட்டியில் எது நடப்பில் இருக்கிறது என்று சங்கத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

எய்ட் உங்கள் பக்கம் வந்தால் இன்கோலுக்குள் ஓரடி பின்வாங்குங்கள். பக்கக்கோட்டை நோக்கி ஒதுங்கினால் அவர் போகும் வழியிலேயே போய் நிற்பீர்கள். அவர் மறுபக்கம் போனால் சிரமம் அதிகம், ஏனென்றால் இடையே இரண்டு பேக்கும் இருக்கிறது. அப்போது தடுக்கும் பேக்கின் பின்னாலேயே, இன்கோல் வழியாகச் சுற்றி ஓடுங்கள். அதுதான் குறுக்குவழி. தாக்கும் அணியின் பக்கமாகச் சுற்றினால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், முதுகுகளுக்குப் பின்னாலிருந்து தீர்ப்புச் சொல்ல வேண்டிவரும். ட்ரை லைனில் நிற்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கிருந்து இரண்டு பக்கமும் போக வழி இருக்கிறது.

சரிந்தால்: பெனால்டியா, பெனால்டி ட்ரையா?

ஸ்கிரம் சரிந்தாலோ, ஒரு ப்ராப் மேலே பிதுக்கப்பட்டுக் கால் தரையிலிருந்து கிளம்பினாலோ உடனே விசில். கோடு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் சரி, பந்து எய்ட்டின் கையில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் சரி. பாதுகாப்புக்கு முன்னால் அட்வான்டேஜ் (தவறு நடந்தும் ஆட்டத்தைத் தொடரவிடுவது) கிடையாது.

அதன்பிறகு வரும் முடிவுதான் கனமானது. முறைகேடு நடந்திராவிட்டால் ட்ரை விழுந்திருக்க வாய்ப்பு அதிகமா? ஆம் என்றால் பெனால்டி ட்ரை. கம்பங்களுக்கு நடுவே போய்க் கையை உயர்த்துங்கள். 7 புள்ளிகள், ட்ரைக்குப் பின் வழக்கமாக வரும் கன்வர்ஷன் உதை கிடையாது. 2017-இலிருந்து இதுதான் நடைமுறை. தவறு செய்தவர் மஞ்சள் அட்டையாவது வாங்கியே ஆக வேண்டும்.

இதில் புதியவர்கள் குழப்பிக்கொள்வது ஒன்று உண்டு. ஒரே இடத்தில் மூன்று முறை பெனால்டி கொடுத்துவிட்டோம், ஆகவே நான்காவதற்குப் பெனால்டி ட்ரை என்று எண்ணிக்கையை வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். விதி எண்ணிக்கையைக் கேட்கவில்லை. தொடர்ந்து தவறு செய்தால் எச்சரிக்கை, பிறகு மஞ்சள் அட்டை. பெனால்டி ட்ரைக்கு அந்தக் குறிப்பிட்ட ஸ்கிரம்மிலேயே ட்ரை வரும் நிலை இருந்திருக்க வேண்டும். பேக் ஒன்றாக, நேராக, வேகத்தோடு நகர்ந்துகொண்டிருந்ததா? பந்து கட்டுப்பாட்டில் இருந்ததா? தடுக்கும் பேக் பின்வாங்கிக்கொண்டே சரிந்ததா, அல்லது நின்ற இடத்திலேயே சரிந்ததா? நின்ற இடத்தில், நகர்வே இல்லாமல் சரிந்த ஸ்கிரம்முக்குப் பெனால்டி ட்ரை கொடுப்பது கடினம், ஏனென்றால் பந்து இன்னும் 8 மீட்டர் போக வேண்டியிருக்கிறது. மூன்று, நான்கு மீட்டர் தள்ளிக்கொண்டு வந்தபின் ஒரு ப்ராப் வேண்டுமென்றே படுத்தால் தயங்காமல் கொடுங்கள்.

2017 மார்ச் 18 அன்று பாரிஸ் ஸ்டாட் டி ஃபிரான்ஸில் நடந்த ஃபிரான்ஸ் - வேல்ஸ் ஆட்டத்தின் பதிவு கிடைத்தால் கடைசி இருபது நிமிடங்களை உட்கார்ந்து பாருங்கள். எண்பது நிமிடம் முடிந்தபோது வேல்ஸ் 18-13 என்று முன்னிலையில் இருந்தது. அதற்குப் பிறகு வேல்ஸின் கோட்டருகே ஸ்கிரம்மும் பெனால்டியும் மாறிமாறி நடந்துகொண்டே இருந்தன. நடுவர் வேய்ன் பார்ன்ஸ் ஒரு மஞ்சள் அட்டை காட்டினார், பெனால்டி ட்ரை கொடுக்கவில்லை. நூறாவது நிமிடத்தில் டேமியன் ஷூலி ட்ரை அடித்தார், காமி லோபஸ் உதைத்துச் சேர்க்க 20-18 என்று ஃபிரான்ஸ் வென்றது. ஒவ்வொரு மறு ஸ்கிரம்மிலும் நடுவர் எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார் என்பதை மட்டும் கவனித்துப் பாருங்கள். பந்தைப் பார்க்கவே கூடாது என்று வைத்துக்கொண்டு ஒருமுறை பார்ப்பது பெரிய பயிற்சி. கோட்டருகே அவ்வளவு நேர அழுத்தத்திலும் முடிவுகளை ஒவ்வொரு ஸ்கிரம்மாகத் தனித்தனியே எடுக்க வேண்டியிருக்கிறது என்பது அங்கே நன்றாகத் தெரியும்.

தடுக்கும் அணியின் பந்து

இப்போது பந்து போடும் பக்கம் மாறுகிறது. அவர்களுடைய லூஸ்ஹெட் பக்கம் போய் நில்லுங்கள். பந்து உள்ளே போனதுமே ட்ரை லைனுக்குப் போய்விட வேண்டும், ஏனென்றால் கோட்டுக்கும் பந்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. கோட்டை உங்கள் முன்னால் வைத்துக்கொண்டு எய்ட்டின் காலடியைப் பாருங்கள். ஸ்கிரம்முக்குள் இருக்கும் பந்து கோட்டின்மேலோ அதைத் தாண்டியோ போனதும் ஸ்கிரம் முடிந்தது, இரு அணியில் யார் வேண்டுமானாலும் அதன்மேல் விழலாம். தாக்கும் அணியினர் விழுந்து ஊன்றினால் ட்ரை.

பெரும்பாலும் அப்படி நடக்காது. பந்து இன்கோலில் நிற்கும் உதைப்பவருக்குப் போகும், அவர் நீளமாக உதைத்து வெளியே அனுப்புவார். ஆகவே இன்கோலின் நடுவில் நின்று அவர் உதைக்கும் வழியை அடைக்காதீர்கள். தாக்கும் அணியின் ஃப்ளாங்கர்கள் அவரை நோக்கிச் சீக்கிரம் கழன்று ஓடுவார்கள், அதையும் பார்க்க வேண்டும்.

19 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்கிரம்மை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக்கூடாது. ஆகவே தாக்கும் அணி ஐந்து மீட்டர் ஸ்கிரம்மிலிருந்து தள்ளியே ட்ரை அடிப்பதற்கு வழியில்லை. அங்கே எய்ட் தூக்குவதையும் ஒன்பதாம் எண்ணின் ஓட்டத்தையும் எதிர்பார்த்து நில்லுங்கள். தடுக்கும் அணியின் பந்துக்கு இந்த ஆறுதல் முழுமையாக இல்லை. 1.5 மீட்டரிலேயே பந்து கோட்டை நெருங்கிவிடும்.

ஊன்றப்பட்டதா?

பேக் உங்களைக் கடந்து உருண்டுகொண்டிருக்கும்போது மூன்றை மட்டும் தேடுங்கள்: பந்து, கோடு, கை. கோடு இன்கோலைச் சேர்ந்தது, ஆகவே கோட்டின்மேல் ஊன்றினாலும் ட்ரைதான். எட்டாம் எண் தரையில் கிடக்கும் பந்தின்மேல் கையாலோ முன்கையாலோ, இடுப்பிலிருந்து கழுத்து வரையிலான முன்பக்க உடலாலோ அழுத்தினால் போதும். பல நேரம் அவர் விழுந்ததும் பந்து முழுவதும் மறைந்துவிடும். விழுவதற்கு முந்தைய நொடியில் பந்து எங்கே இருந்தது என்பதைக் கண்ணில் பிடித்து வைத்திருந்தால் அங்கிருந்து முடிவுக்கு வரலாம்.

பார்க்காமல் விசில் ஊதாதீர்கள். தாக்கும் அணி முழுவதும் கையைத் தூக்கிக் கத்தும், அரங்கமும் கத்தும். குவியலை நோக்கி இரண்டடி எடுத்து வைத்து, குனிந்து, பந்தைக் கண்டபின் ஊதுங்கள். எய்ட் பந்தோடு கோட்டைத் தாண்டியும் தரையில் ஊன்ற முடியாமல் எதிரணியின் கைகளில் சிக்கிக்கொண்டால் தடுக்கும் அணிக்கு ட்ரை லைனிலிருந்து டிராப் அவுட் (பந்தைத் தரையில் விட்டு உதைத்துத் தொடங்குவது) கொடுக்க வேண்டும். முன்பு மறுபடி ஐந்து மீட்டர் ஸ்கிரம் கொடுத்துக்கொண்டிருந்தோம், இப்போது இல்லை.

ட்ரை கொடுத்ததும் அங்கிருந்து ஓடிவிட வேண்டாம். பதினாறு பேர் ஒருவர்மேல் ஒருவராகக் கிடக்கிறார்கள். கீழே கிடப்பவர் எழுவதற்குள் ஒருவர் தள்ளுவார், இன்னொருவர் சட்டையைப் பிடிப்பார். முன்வரிசை ஆறு பேரும் கழுத்தை அசைத்துக்கொண்டு எழுந்து நிற்பதைப் பார்க்கும் வரை குவியலுக்குப் பக்கத்திலேயே இருங்கள். பந்து ஊன்றப்பட்ட இடத்தில் உங்கள் குதிகாலை வைத்துக்கொண்டு நின்றால் இன்னொரு வேலையும் ஆகும். கன்வர்ஷன் உதை அந்த இடத்துக்கு நேர்கோட்டில்தான் எடுக்கப்பட வேண்டும். உதைப்பவர் திரும்பிப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்டபின் காலை எடுங்கள்.